அறிபவன் யார்? பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாரிஸில் நிகழ்ந்த ஒரு வாதம்

1270ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், பாரிஸ் நகரத்து ஆயர் எத்தியேன் தம்பியே பதின்மூன்று கொள்கைகளைப் பட்டியலிட்டுக் கண்டித்து, அவற்றை அறிந்தே போதிப்போர் அனைவரையும் திருச்சபையிலிருந்து விலக்கிவைப்பதாக அறிவித்தார். உலகம் அநாதியானது என்பதும், கடவுள் தனிப்பொருள்களை அறிவதில்லை என்பதும் அப்பட்டியலில் இடம்பெற்றதில் வியப்பில்லை. அவை சமயத்தின் அடித்தளத்தையே தொடும் கூற்றுகள். ஆனால் பட்டியலின் தொடக்கத்தில் நின்ற இரண்டும் வேறு வகையானவை. மனிதர் அனைவருடைய புத்தியும் எண்ணிக்கையில் ஒன்றே என்பது முதலாவது; மனிதன் அறிகிறான் என்று சொல்வது பொய், அல்லது பொருந்தாத வழக்கு என்பது இரண்டாவது. மனிதன் அறிகிறானா என்பது ஐயத்துக்குரிய வினாவாக எப்படி ஆயிற்று? ஓர் ஆயர் ஆணையிட்டுத் தடுக்க முற்படும் அளவுக்கு அந்த ஐயம் கிறிஸ்தவ உலகின் தலையாய சர்வகலாசாலையில் எப்படி வேரூன்றிற்று?

மத்தியகாலக் கிறிஸ்தவத் தத்துவத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதை விசுவாசத்துக்கும் பகுத்தறிவுக்கும் இடையே நடந்த வழக்காகவோ, பொதுமைகளாகிய சாமானியங்கள் மெய்ப்பொருள்களா வெறும் பெயர்களா என்ற தர்க்கமாகவோ சுருக்கிவிடுகிறார்கள். அவை இரண்டும் நிகழ்ந்தவையே. எனினும் அக்காலத்து அறிஞர் அறிவைப் பற்றி எழுதியவற்றை ஊன்றிப் படிக்கும்போது, அவற்றுக்கெல்லாம் அடியில் நின்று அவர்களை வருத்திய வினா வேறொன்று என்றே எனக்குத் தோன்றுகிறது. ஓர் உண்மையை நான் அறியும்போது, அந்த அறிதல் யாருடைய செயல்? கடவுளின் ஒளி என்னுள் நிகழ்த்தும் செயலா, மானுட குலம் முழுமைக்கும் பொதுவான ஒரு புத்தி என் வழியாகச் செய்யும் செயலா, அல்லது உடலும் உயிருமாக இங்கே அமர்ந்திருக்கும் இந்த மனிதனின் செயலா?

முதலில் ஆழமான விடை வகுத்தவர், பின்னாளில் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயராக விளங்கிய அகஸ்டின் (354–430). ஆயராவதற்கு முன்பே, 389ஆம் ஆண்டளவில், தம் மகன் அதெயோதாத்துஸோடு நிகழ்த்தும் உரையாடலாக அவர் எழுதிய ‘ஆசிரியர்’ என்னும் சிறு நூல், எந்த மனிதனும் மற்றொரு மனிதனுக்கு உண்மையில் எதையும் கற்பிப்பதில்லை என்ற, படிப்போரைத் திடுக்கிடச் செய்யும் முடிவுக்கு வருகிறது. சொற்கள் வெறும் குறிகள். குறிக்கப்படும் பொருளை முன்பே அறியாதவனுக்குக் குறி எதையும் உணர்த்தாது. அறிந்தவனுக்கோ அது நினைவூட்டுவதன்றிப் புதிதாக ஒன்றும் தருவதில்லை. அப்படியானால் கேட்கும் மாணவன் ஓர் உண்மையை உண்மையென்று எங்கே காண்கிறான்? தன் உள்ளத்தினுள்ளே, அங்கே உறையும் ஆசிரியராகிய கிறிஸ்துவிடம் என்பது அகஸ்டினின் விடை. ஏழும் மூன்றும் பத்து என்பது எவருக்கும் எக்காலத்தும் மாறாதது. மாறிக்கொண்டேயிருக்கும் இந்திரியங்களும், அவற்றைப் போலவே மாறும் மனமும், மாறாத உண்மைக்குப் பிரமாணமாக இயலா. ஆகவே கண்ணுக்குச் சூரியன் போல மனத்துக்கு ஒரு தெய்விக ஒளி உண்டு என்றும், அவ்வொளியிலேயே மனம் நித்திய உண்மைகளைக் காண்கிறது என்றும் அவர் கொண்டார். எட்டு நூற்றாண்டுக் காலம் மேற்கு ஐரோப்பாவின் மடாலயங்கள் இக்கொள்கையின் நிழலிலேயே சிந்தித்தன.

அந்த நெடிய இடைவெளியில் நிகழ்ந்தவற்றுள் இரண்டை மட்டும் குறித்தால் போதும். சிறைப்பட்டுக் கொலையுண்ட ரோமானிய அறிஞர் போயத்தியுஸ், அரிஸ்டாட்டிலின் தர்க்க நூல்களை லத்தீனில் பெயர்த்ததோடு, சாமானியம் என்பது எத்தகைய பொருள் என்ற வினாவையும் தம் உரைகளின் வழியே பிற்காலத்தார்க்கு விட்டுச் சென்றார். பீட்டர் அபெலார்டு (1079–1142) அவ்வினாவை எடுத்துக்கொண்டு, பொதுமை பொருள்களில் இல்லை, பொருளுணர்த்தும் சொல்லிலேயே இருக்கிறது என்று நிறுவ முனைந்து, தம் ஆசிரியரான ஷாம்போ வில்லியமையே கொள்கையைத் திருத்திக்கொள்ளச் செய்தார். ஆயினும் அபெலார்டின் தலைமுறையார் கையிலிருந்தது அரிஸ்டாட்டிலின் தர்க்கம் மட்டுமே. ஆன்மாவைப் பற்றிய அவருடைய நூல் இவர்களுக்குக் கிட்டவில்லை.

அது கிட்டிய வழி அறியத்தக்கது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வெனிஸ் நகரத்து ஜேம்ஸ் என்பவர் ஆன்மாவைப் பற்றிய நூலைக் கிரேக்கத்திலிருந்து நேராக லத்தீனில் பெயர்த்தார். ஏறத்தாழ அதே காலத்தில் ஸ்பெயின் தேசத்துத் தொலேதோ நகரில், ஒரு யூத அறிஞர் அரபுச் சொல் ஒவ்வொன்றையும் அவ்வூர்ப் பேச்சு மொழியில் சொல்லச் சொல்ல, அருகிலமர்ந்த ஒரு கிறிஸ்தவக் குரு அதை லத்தீனில் எழுத, இப்னு சீனாவின் (980–1037) ஆன்ம நூல் ஐரோப்பாவுக்கு வந்தது. பின்னர் 1220களில், கொர்தோவாவின் இப்னு ருஷ்து (1126–1198) இயற்றிய பேருரை லத்தீனில் வந்து சேர்ந்தது. அதன் அரபு மூலம் பெரும்பாலும் அழிந்துபோய், இன்று நமக்கு அந்த லத்தீன் பெயர்ப்பே முழுமையாக எஞ்சியிருக்கிறது. மூன்று மதத்தவர் கைமாற்றிக் கொடுத்த இச்செல்வத்தைப் பாரிஸ் முதலில் அஞ்சிற்று: அரிஸ்டாட்டிலின் இயற்கை நூல்களைப் பாடம் சொல்லலாகாது என்று 1210இல் தடை வந்தது, 1215இல் அது புதுப்பிக்கப்பட்டது. ஆனால் 1255இல் அதே சர்வகலாசாலையின் கலைப்பிரிவு அவற்றைக் கட்டாயப் பாடமாக விதித்தது. நாற்பத்தைந்து ஆண்டுகளில் விலக்கப்பட்ட நூல் விதிக்கப்பட்ட நூலாயிற்று.

ஆன்மாவைப் பற்றிய அந்நூலின் மூன்றாம் பகுதியில் அரிஸ்டாட்டில் மிகச் சுருக்கமாக ஒன்றைச் சொல்லிச் செல்கிறார். எல்லாம் ஆகத்தக்க புத்தி ஒன்று. எல்லாவற்றையும் ஆக்கும் புத்தி ஒன்று. பின்னது ஒளியைப் போன்றது, பிரிந்து நிற்பது, கலப்பற்றது, அழிவற்றது. ஏற்கும் புத்தி என்றும் இயக்கும் புத்தி என்றும் நாம் இவற்றை வழங்கலாம். சில வரிகளே கொண்ட அந்தப் பகுதிக்கு எழுந்த வியாக்கியானங்கள் ஒரு நூலகத்தை நிரப்பும். இப்னு சீனா, ஏற்கும் புத்தி மனிதர்தோறும் தனித்தனியே உண்டு, இயக்கும் புத்தி மட்டும் விண்ணுலகச் சக்திகளின் வரிசையில் இறுதியாக நிற்பது, அதிலிருந்தே அறிவுருக்கள் நம்முள் பொழிகின்றன என்றார். இப்னு ருஷ்து ஒருபடி மேலே சென்று, ஏற்கும் புத்தியும் ஒன்றே, அதுவும் மனிதர் அனைவருக்கும் பொதுவானதே என்றார்.

கேட்டவுடன் விபரீதமாகத் தோன்றும் இக்கொள்கைக்குப் பின்னே நிற்கும் தர்க்கம் வலுவானது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரே இனத்துப் பொருள்கள் பலவாவது சடப்பொருளால். ஒரே வடிவம் வெவ்வேறு சடத்தில் பதிவதாலேயே குதிரைகள் பலவாகின்றன. புத்தியோ எல்லாப் பொருள்களின் வடிவங்களையும் ஏற்கவல்லது. ஆகவே எந்தச் சடத்தோடும் கலவாதது. சடத்தோடு கலவாதது எப்படிப் பலவாகும்? மேலும், முக்கோணத்தின் மூன்று கோணங்களும் இரு செங்கோணங்களுக்குச் சமம் என்று ஆசிரியர் அறிவதும் மாணவன் அறிவதும் ஒரே உண்மை. அறிவு ஒவ்வொருவரிடமும் வெவ்வேறானால், அந்த ஒருமை எங்கிருந்து வருகிறது? இவற்றுக்கு விடையாகவே, ஒரே புத்தி அறிகிறது என்றும், மனிதர் ஒவ்வொருவரும் தம் மனப்படிமங்களை அதற்கு அளித்து அதனோடு இணைகின்றனர் என்றும், அந்த இணைப்பினாலேயே நாம் அறிகிறோம் என்று சொல்கிறோம் என்றும் இப்னு ருஷ்து விளக்கினார்.

பாரிஸின் கலைப்பிரிவில், வைக்கோல் தெரு என்று பெயர் பெற்றிருந்த வீதியில் பாடம் சொல்லிய பிரபாந்து நாட்டுச் சீகர் (சுமார் 1240–1284) என்னும் இளம் ஆசிரியர் இக்கொள்கையைத் துணிந்து எடுத்துப் போதித்தார். அவர் சமயத்தை மறுத்தவரல்லர். தத்துவ ஆசிரியனின் கடமை அரிஸ்டாட்டிலின் கருத்து இன்னதென்று கண்டு உரைப்பது, அது விசுவாசத்தோடு ஒத்துவருகிறதா என்பது வேறு கேள்வி என்ற நிலையில் நின்றவர். தனிமனிதனின் ஆன்மா மரித்தபின் எஞ்சுமா, தண்டனைக்கும் சன்மானத்துக்கும் உரியவர் யார் என்ற கேள்விகள் உடனே எழுந்தன. ஆயரின் ஆணை அக்கேள்விகளின் விளைவு. ஆணையால் ஒரு கொள்கையைப் பேசாமல் நிறுத்தலாமேயன்றி அதன் தர்க்கத்தை அவிழ்க்க இயலாது. அந்தப் பணியை அதே 1270இல் மேற்கொண்டவர், 1268இல் இத்தாலியிலிருந்து பாரிஸுக்கு இரண்டாம் முறை ஆசிரியராக வந்திருந்த தோமினிக்க சபைத் துறவி தாமஸ் அக்குவினாஸ்.

அவர் இயற்றிய ‘புத்தியின் ஒருமை’ என்னும் மறுப்பு நூல் அளவில் சிறியது. ஆனால் மத்தியகாலத் தத்துவத்தில் அதற்கு நிகரான வேகமுடைய உரைநடையை நான் கண்டதில்லை. வேத ஆகமங்களைச் சான்றாகக் காட்டப்போவதில்லை, எதிரிகள் எவரை நம்பி வாதிடுகிறார்களோ அந்தத் தத்துவ ஞானிகளின் சொற்களையும் நியாயங்களையும் கொண்டே மறுக்கப்போவதாகத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். சொன்னபடியே, அரிஸ்டாட்டிலின் வாக்கியங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வதோடு, அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1267இல், மூர்பேக் வில்லியம் கிரேக்கத்திலிருந்து பெயர்த்துக் கொடுத்த, பண்டைய உரையாசிரியர் தெமிஸ்தியுஸின் உரையையும் துணைக்கழைத்து, இப்னு ருஷ்து அரிஸ்டாட்டிலின் உரையாசிரியர் அல்லர், அவரைக் கெடுத்தவர் என்று கடுமையாகச் சாடுகிறார்.

நூலின் மையத்தில் நிற்கும் நியாயமோ மிக எளிமையானது. இதோ இந்த மனிதன் அறிகிறான் என்பது தெளிந்த உண்மை. புத்தியைப் பற்றி நாம் ஆராயத் தொடங்கியதே அதனால்தான். ஆகவே எந்தக் கொள்கை இந்த உண்மையை விளக்கத் தவறுகிறதோ அது ஆராய்ச்சியின் தொடக்கத்தையே அழித்துவிடுகிறது. மனப்படிமங்களின் வாயிலாக நான் அந்தப் பொதுப் புத்தியோடு இணைகிறேன் என்ற சமாதானம் எடுபடாது. ஒரு சுவரின் நிறத்தைக் கண் காண்கிறது. நிறம் சுவரில் இருக்கிறது, அந்நிறத்தின் உருவோ கண்ணில் இருக்கிறது. இந்தத் தொடர்பினால் சுவர் காண்கிறது என்று யாரும் சொல்வாரா? சுவர் காணப்படுகிறது. அப்படியே, என் மனத்திலுள்ள படிமத்தின் உரு எங்கோ இருக்கும் ஒரு புத்தியில் பதிகிறதென்றால், அந்தப் புத்தி அறிகிறது. நானோ அறியப்படும் பொருளாக நிற்கிறேன். சுவருக்கும் எனக்கும் வேறுபாடில்லை. ஆயரின் பட்டியலில் இரண்டாவதாக நின்ற கூற்று, முதலாவதன் தவிர்க்க முடியாத விளைவு என்பதை இந்த ஒரு சுவரைக் கொண்டு அக்குவினாஸ் காட்டிவிடுகிறார். அறிவு என்னுடையதன்று என்றால் விருப்பமும் என்னுடையதன்று; விருப்பம் என்னுடையதன்று என்றால் புகழ்ச்சிக்கும் இகழ்ச்சிக்கும், சட்டத்துக்கும் நல்லொழுக்கத்துக்கும் ஆதாரம் எங்கே என்று அவர் மேலும் கேட்கிறார்.

ஆசிரியரும் மாணவனும் அறியும் உண்மை ஒன்றாயிற்றே என்ற பழைய வாதத்துக்கும் அவர் விடை சொல்கிறார். அறியப்படும் பொருள் ஒன்று. அதை அறிவதற்குக் கருவியாக நிற்கும் அறிவுரு அவரவர் புத்தியில் தனித்தனி. நாம் அறிவுருவை அறிவதில்லை, அறிவுருவால் பொருளை அறிகிறோம். இந்த நுட்பமான பாகுபாடே அவருடைய அறிவுக்கொள்கையின் அச்சு என்று சொல்லலாம். மனம் தன் கருத்துகளுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது, வெளியுலகை அது நேரே தொடுவதில்லை என்ற பிற்காலத்து ஐயவாதம் அவருடைய அமைப்பில் தலையெடுக்க இடமில்லாமற் போவது இதனால்தான். அகஸ்டினின் சிறு நூலுக்கும் இங்கேயே மறுமொழி கிடைக்கிறது: நோயாளியின் உடல் தானே குணமடைய மருத்துவர் துணைநிற்பது போல், மாணவனின் புத்தி தானே அறிய ஆசிரியர் துணைநிற்கிறார், ஆகவே மனிதன் மனிதனுக்குக் கற்பிக்க முடியும்.

எதிரிகளை மறுத்தவர் தாமும் ஒரு விளக்கத்தைத் தர வேண்டுமல்லவா? தம் ‘இறையியல் தொகை’ நூலின் முதற்பாகத்தில், 75ஆம் வினா முதல் 89ஆம் வினா வரை, அவர் அதை விரிவாகத் தருகிறார். அறிவனைத்தும் இந்திரியங்களில் தொடங்குகிறது. ஐம்பொறிகள் தருவதை ஒன்றுசேர்க்கும் பொதுப்புலன், அதைப் பாதுகாக்கும் கற்பனை, நன்மை தீமையைத் தனிநிகழ்ச்சிகளில் உணரும் மதிப்பீட்டாற்றல், அவ்வுணர்வைக் காக்கும் நினைவு என நான்கு உட்புலன்கள் உண்டு. ஓநாயைக் கண்ட ஆடு ஓடுவது அதன் நிறத்தையோ வடிவையோ வெறுத்து அன்று, பகையை உணர்ந்து. அந்த உணர்வு கண்ணுக்குரியதன்று. இந்த உட்புலன்களில் உருவாகும் மனப்படிமம் இன்னும் தனிப்பொருளின் படிமமே: இந்த மரம், இவ்வளவு உயரம், இந்த இடத்தில். இயக்கும் புத்தி அதன்மீது ஒளி பாய்ச்சி, இதுவென்றும் இங்கேயென்றும் சுட்டுதற்குரியவற்றை விலக்கி, மரம் என்ற பொது இயல்பைப் பிரித்தெடுக்க, ஏற்கும் புத்தி அதை ஏற்றுக் கருத்தாக வடிக்கிறது. அக்கருத்துகளைச் சேர்த்தும் பிரித்தும் தீர்ப்புச் செய்யும்போதுதான் மெய்யும் பொய்யும் எழுகின்றன. இயக்கும் புத்தி விண்ணிலிருந்து ஒளிவீசும் ஒன்றன்று. என் ஆன்மாவின் ஆற்றல்களுள் ஒன்று. அகஸ்டின் பேசிய தெய்விக ஒளி எங்கே என்று கேட்டால், நித்திய ஒளியில் ஒரு பங்காக ஒவ்வொரு மனிதனுக்கும் படைப்பிலேயே அளிக்கப்பட்ட இந்த ஆற்றல்தான் அது என்பது அக்குவினாஸின் விடை. அகஸ்டினைத் துறக்காமலே அவர் அறிவை மனிதனுக்குச் சொந்தமாக்கிவிட்டார்.

84ஆம் வினாவில் அவர் காட்டும் இரு சான்றுகள் எந்தக் காலத்துக்கும் ஏற்றவை. மூளையில் ஊறு நேர்ந்து கற்பனையோ நினைவோ கெட்டால், மனிதன் முன்பு கற்றிருந்ததையும் எண்ணிப்பார்க்க முடியாதவனாகிறான்; புத்தி உடலுறுப்பின் செயலன்று என்றாலும், படிமங்களின்றி அது இயங்காது என்பதற்கு இது சான்று. ஒன்றைப் புரிந்துகொள்ள முயலும் எவரும் தமக்குள் உதாரணங்களைப் படிமங்களாக அமைத்துக்கொள்வதும், பிறருக்குப் புரியவைக்க உதாரணங்களை நாடுவதும் மற்றொன்று. அறியும் வினைக்கு உடல் தடை என்ற பிளேட்டோவின் வழிவந்த கருத்து இங்கே தலைகீழாகிறது. உடல் ஆன்மாவின் நன்மைக்காகவே அதனோடு சேர்ந்திருக்கிறது.

இதனால் அவருக்கு ஒரு பெரும் இடர்ப்பாடும் நேர்ந்தது. படிமமின்றி அறிவில்லையென்றால், மரணத்தால் உடலைப் பிரிந்த ஆன்மா எதை அறியும்? கடவுளிடமிருந்து வரும் அறிவுருக்களால் அறியும், ஆனால் இயற்கையாக அதற்கு வாய்க்கும் அவ்வறிவு பொதுவானதும் தெளிவற்றதுமாகவே இருக்கும் என்பது 89ஆம் வினாவில் அவர் சொல்லும் விடை. இது முழுமையாக மனநிறைவு தரும் விடை என்று நான் கருதவில்லை. ஆனால் இடர்ப்பாட்டை மறைக்க, ஆன்மாவே மனிதன் என்ற எளிய வழிக்கு அவர் தாவவில்லை என்பது அவருடைய நேர்மைக்குச் சான்று. பவுலின் கொரிந்தியர் நிருபத்துக்கு எழுதிய உரையில், ஆன்மா முழு மனிதன் அன்று, ஆன்மா மட்டும் ஈடேறினால் தாம் ஈடேறியதாகாது என்று அவர் எழுதிச் செல்கிறார். உடலோடு கூடிய இந்த மனிதனே அறிபவன் என்ற கொள்கையின் விலையை அவர் முழுவதும் செலுத்தினார்.

பிரான்சிஸ்க சபையார் இதை ஏற்கவில்லை. அச்சபையின் தலைவராயிருந்த பொனவெந்தூர், பொருளும் மாறுவது, மனமும் தவறுவது, ஆதலால் ஐயமற்ற உறுதிக்கு நித்திய நியமங்களின் ஒளி புத்தியோடு உடனிருந்து செயற்பட்டாக வேண்டும் என்று அகஸ்டினின் வழிநின்று வாதித்தார். அக்குவினாஸும் பொனவெந்தூரும் 1274ஆம் ஆண்டிலேயே காலமாயினர். 1277 மார்ச் 7ஆம் நாள், அக்குவினாஸ் இறந்து மூன்றாண்டு நிறைந்த அதே நாளில், தம்பியே மீண்டும் ஓர் ஆணையிட்டார். இம்முறை கண்டிக்கப்பட்ட கூற்றுகள் 219. அவற்றுள் சில அக்குவினாஸின் போதனையையே தொட்டன.

ஒளிக்கொள்கையை வீழ்த்தியவர் பிரான்சிஸ்க சபைக்குள்ளிருந்தே தோன்றினார் என்பது வரலாற்றின் வியப்புகளுள் ஒன்று. அக்கொள்கைக்குப் புதிய வடிவம் தந்த கெந்து நகர ஹென்றியை மறுத்து, ஜான் டன்ஸ் ஸ்கோட்டஸ் (1266–1308) எழுப்பிய நியாயத்தைக் காண்க: மனம் மாறுவதாகையால் உறுதி பெற இயலாதென்றால், ஒளி வந்து விழுவதும் அந்த மாறும் மனத்தில்தானே? உறுதியற்றதோடு உறுதியுள்ளதைச் சேர்த்தால் விளைவது உறுதியாகாது. ஆகவே உதவிக்கு வந்த ஒளியும் பயனற்றுப்போகும். தானே விளங்கும் முதற்கொள்கைகள், அனுபவத்தால் பெறும் பொதுவிதிகள், நம் சொந்தச் செயல்களைப் பற்றிய உணர்வு, இந்திரியங்களின் சாட்சி ஆகியவற்றில் மனிதப் புத்திக்கு இயற்கையாகவே உறுதி கிடைக்கும் என்று அவர் நிறுவினார். அக்குவினாஸிடம் இருந்த ஒரு குறையையும் அவர் தொட்டார். புத்தி நேரே அறிவது பொதுமையை, தனிப்பொருளைப் படிமத்தின் பக்கம் திரும்பியே அறிகிறது என்று அக்குவினாஸ் சொல்லியிருந்தார். இருக்கும் பொருளை, அது முன்னிற்கும்போதே, புத்தி நேரே உணரும் காட்சியறிவு உண்டு என்றார் ஸ்கோட்டஸ். ஒக்காம் வில்லியம் (இறப்பு 1347) இதையே எல்லை வரை கொண்டுசென்றார்: முதலில் அறியப்படுவது தனிப்பொருளே, இடையில் அறிவுரு என்ற ஒன்று வேண்டியதில்லை, சாமானியம் என்பது மனத்தில் எழும் இயற்கைக் குறி. இவ்விருவரும் அக்குவினாஸின் எதிரிகளாகவே பேசப்படுகின்றனர். ஆயினும் தனிமனிதனே அறிபவன் என்பதை அக்குவினாஸ் காத்தார். தனிப்பொருளே அறியப்படுவது என்பதை இவர்கள் சேர்த்தார்கள். இரண்டும் ஒரே திசையில் எடுத்துவைத்த அடிகள் என்பது என் துணிபு.

சீகர் தம் கொள்கையைப் பின்னர் பெரிதும் தளர்த்தி எழுதினார் என்பதும், இத்தாலியின் ஓர்வியேத்தோவில் தம் எழுத்தராலேயே கொலையுண்டார் என்பதும் குறிப்பிடத்தக்கவை. தாந்தே தம் காவியத்தின் சுவர்க்க காண்டத்தில், அந்த வைக்கோல் தெருவையும் நினைவுகூர்ந்து, அக்குவினாஸின் வாயாலேயே சீகரைப் புகழச் செய்து, இருவரையும் சூரிய மண்டலத்தில் ஒரே வட்டத்தில் அமர்த்தினார். அக்குவினாஸ் 1323இல் புனிதராக உயர்த்தப்பட்டார். 1325இல் பாரிஸ் ஆயர், 1277ஆம் ஆண்டுக் கண்டனம் அவருடைய போதனையைத் தொடும் அளவுக்குச் செல்லாதென்று அறிவித்தார்.

இத்துறையில் புக விரும்புவோர் வரலாற்றுச் சுருக்கங்களில் தொடங்க வேண்டாம். ‘புத்தியின் ஒருமை’யை முதலில் படியுங்கள், ஒன்றிரண்டு நாளில் முடிக்கத்தக்க நூல் அது. பிறகு இறையியல் தொகையின் 84, 85, 86ஆம் வினாக்களுக்குச் செல்லுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் பூர்வபட்சமே முதலில் வைக்கப்பட்டிருக்கும்; அவசரத்தில் அதைத் தாண்டிச் சென்று விடையை மட்டும் பார்க்காதீர்கள். எதிர்வாதத்தின் வலுவை உணராதவருக்கு அக்குவினாஸின் விடை விளங்காது.